மேசையை இறக்குங்க, சிஸ்டர்

வார்டில் அவளுக்கு அரைப்படி டாக்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. அறுவை மருத்துவம் படிக்க வந்தவர்களில் அவள்தான் குள்ளம்.

வயிற்றில் சின்னத் துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டு, திரையைப் பார்த்தபடி நீண்ட கருவிகளால் செய்யும் அறுவையில் அவளுக்கு அப்படியொரு பைத்தியம். முதன்முதலாக அவள் கையில் கருவியைக் கொடுத்த அன்று, தியேட்டர் மேசை பெரிய டாக்டரின் உயரத்துக்கு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. முழங்கைகளை இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு நின்றாள். சற்று நேரத்தில் தோள் மரத்துப்போனது. பித்தப்பையைப் பிடித்திருந்த கருவி நடுங்கி நழுவியது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பெரிய டாக்டர் கருவியை வாங்கிக்கொண்டார்.

"இது உனக்குச் சரிப்பட்டு வராதும்மா. கை நடுங்குது. நீ புண்ணுக்குக் கட்டு மாத்துற பக்கம் போ."

"சார், மேசையைக் கொஞ்சம் இறக்கினா..."

"ஆளாளுக்கு ஏத்தி இறக்க இது என்ன ராட்டினமா?"

முகக்கவசங்களுக்கு மேலே எல்லாக் கண்களும் சிரித்தன.

வீட்டில் அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். "அழுகையா, கோவமா?"

"கோவம்."

"அப்போ முதல்ல சாப்பிடு. கோவப்படவும் தெம்பு வேணும்ல?"

வார்டுக்குப் பின்னால் ஒரு பயிற்சி அறை இருந்தது. விருந்தாளிகள் வந்தால் காட்டுவதோடு சரி. ரப்பர் தோல் போர்த்திய பெட்டிதான் வயிறு. அதில் துளைகள், உள்ளே கேமரா, எதிரே திரை. வேலை முடிந்ததும் தினமும் அங்கே போய் நின்றாள். கருவியால் மணிகளைக் கவ்வி ஒரு முளையிலிருந்து இன்னொரு முளைக்கு மாற்றினாள்; துணியில் போட்ட கோட்டின் மேலேயே வெட்டினாள்; பெட்டிக்குள் முடிச்சுப் போட்டாள். பெட்டி இருந்த தாங்கியை ஏற்றி இறக்க முடியும். அதைத் தன் முழங்கைக்குக் கீழே இறக்கி வைத்தால் கை கல் மாதிரி நின்றது. தியேட்டர் மேசையின் உயரத்துக்கு ஏற்றினால் மணிகள் கொட்டின. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். கோளாறு கையில் இல்லை.

அந்த மாதப் பயிற்சி வகுப்பில் தாங்கியை இறக்கி வைத்து எல்லார் முன்னாலும் செய்து காட்டினாள். ஒரு மணிகூட விழவில்லை.

"பொம்மை வயித்துல யார் வேணா செய்யலாம்," என்றார் பெரிய டாக்டர். "நல்ல சர்ஜன் எந்த உயரத்துலயும் செய்வான்."

"அப்போ நீங்க செஞ்சு காட்டுங்க சார்."

தாங்கியை அவர் மார்பு வரைக்கும் ஏற்றினாள். "அன்னைக்கு உங்க மேசை எனக்கு இந்த உயரத்துலதான் இருந்துச்சு."

அவர் விலகிப் போயிருக்கலாம், ரோஷம் விடவில்லை. கருவிகளை எடுத்தார். முழங்கைகள் மேலே போயின. முதல் மணி தப்பியது. அடுத்தது விழுந்தது. கேமரா சரியில்லை என்றார். அதற்கடுத்ததும் விழுந்தது.

அவள் சிரிக்கவில்லை. தாங்கியை இறக்கினாள். "இப்ப செய்யுங்க சார்."

பூப் பறிப்பதுபோல் எல்லா மணிகளையும் மாற்றிவிட்டார்.

"இந்தக் கையைப் பார்த்துத்தான் சார் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு. உங்க கை நடுங்குதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"வாய் ரொம்ப நீளம்," என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார்.

அடுத்த வாரமும் அவளுக்குக் கட்டு மாற்றும் வேலைதான் போட்டிருந்தார்கள். அதை விடிந்ததுமே முடித்துவிட்டு, யாரும் கூப்பிடாமலேயே கை கழுவி, கவுன் போட்டு, தியேட்டருக்குள் போய் மேசையருகே நின்றாள்.

பெரிய டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "உன்னை யார் வரச் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். மேசையை இறக்குங்க, சிஸ்டர்."

தியேட்டர் சிஸ்டர் அவளைப் பார்த்தார், பெரிய டாக்டரைப் பார்த்தார். பொத்தான் மேல் வைத்த விரல் அப்படியே நின்றது.

"சொல்றா இல்ல? இறக்குங்க," என்றார் பெரிய டாக்டர் கடைசியில். "முதுகு உடையப்போறது எனக்குத்தானே."

"உங்களுக்கு வேணும்னா ஸ்டூல் போடச் சொல்றேன் சார். உக்காந்துக்கிட்டே கேமராவைப் பிடிக்கலாம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்த முறை அவளைப் பார்த்து அல்ல.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கேமராவைப் பிடித்துக்கொண்டார். அவள் தவறினால் தடுக்கத் தோதாக அவருடைய இன்னொரு கை அவள் கருவிக்குப் பக்கத்திலேயே காத்திருந்தது. அதற்கு வேலையே வரவில்லை. பித்தப்பை ஒட்டியிருந்த இடத்திலிருந்து பதமாகப் பிரிந்து வந்தது.

"ம். தையல் போடு," என்றார்.

அவள் அதற்கு முன்பே சிஸ்டரிடம் ஊசிக்குக் கை நீட்டியிருந்தாள்.