பல்லியின் பெண்டாட்டி குதித்தாள்

உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைக்கிற ஆளைக் கட்டிக்கொண்டவள், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். அவளும் அப்படித்தான் தள்ளினாள். கூட வேலை செய்கிறவர்கள் அவள் புருஷனுக்கு வைத்த பெயர் பல்லி. சுவரில் ஒட்டிக்கொண்டால் இறங்கவே மனசு வராதாம். அதைப் பட்டம் வாங்கின மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார்.

அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தாள். பல் பிடுங்க வந்து நாற்காலி நுனியில் வெடவெடத்துக்கொண்டிருக்கிறவர்களிடம், ஒண்ணும் ஆகாது, மூச்சை நல்லா விடுங்க என்று நாள் முழுக்கச் சொல்லுவாள். ஊருக்கெல்லாம் பலித்த அந்த வார்த்தை அவளுக்கு மட்டும் பலிக்காது. சாயங்காலம் ஆனால் கண் போனிலேயே இருக்கும். வேலை முடிந்து தரையில் கால் வைத்ததும் ஒரு போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான் அவள் அவரிடம் கேட்டிருந்தது. பாதி நாள் மறந்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் கேட்டால், அதான் முழுசா வந்து நிக்கிறேனே என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது!

அந்த வருஷம் விபத்தில்லாமல் வேலை பார்த்ததற்காக கம்பெனியில் அவருக்கு ஒரு கூப்பன் கொடுத்தார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் விமானத்திலிருந்து குதிக்கலாம். உயரத்தில் பிழைக்கிறவனுக்கு உயரத்தையே பரிசாகக் கொடுத்த அந்த மேனேஜரின் மூளையை என்னவென்று சொல்ல. ஓசியில் வந்ததை வீணாக்குவானேன் என்று அவளும் கிளம்பினாள். வழி நெடுக அவர் பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். கண்ணை மூடிக்கொள், கத்தி மானத்தை வாங்காதே, எனக்கு இதெல்லாம் தினப்படி வேலை என்றார். அவள் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

முதல்முறை குதிக்கிறவர்களைத் தனியாக விடமாட்டார்கள். ஆளுக்கு ஒரு பயிற்சியாளர், நம்மைத் தன் மார்போடு சேர்த்து வாரால் பிணைத்துக்கொண்டு குதிப்பார். பயிற்சியாளருக்கும் நமக்கும் ஒரே பாராசூட். விமானம் மேலே போனதும் கதவைத் திறந்தார்கள். முதல் ஆள் பல்லிதான். வாசல்வரை மிடுக்காகவே நகர்ந்தார். அங்கே மேலே இருந்த கம்பியை அவருடைய வலது கை பிடித்தது. பிடித்தது பிடித்ததுதான். கையை எடுத்து மார்பில் வைக்கும்படி பயிற்சியாளர் சொன்னார். அவர் தலையை ஆட்டினார், கை அசையவில்லை. என்ன ஆனாலும் ஒரு கை பிடியில் இருக்க வேண்டும் என்பது கயிற்று வேலையின் முதல் பாடம். அத்தனை வருஷம் பழக்கிய கை இப்போது சொன்ன பேச்சைக் கேட்பேனா என்றது. குரங்குப்பிடி. மாட்டேன் என்கிறவரைத் தள்ளிவிடும் வழக்கம் அங்கே இல்லை. பயிற்சியாளர் அவரை உள்ளே நகர்த்தி உட்காரவைத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்தது அவள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் கைக்கு அந்தப் பழக்கம் எதுவும் இல்லை. மார்பில் வைத்தாள், மூச்சை விட்டாள், போய்விட்டாள்.

விழுகிற மாதிரியே தெரியவில்லை. காற்று கீழேயிருந்து தாங்கியது. கன்னம் படபடவென்று அடித்துக்கொண்டது. பாராசூட் விரிந்ததும் இரைச்சல் முழுக்க நின்றது. கீழே சாலையில் ஒரு லாரி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இவ்வளவு நேரம் அவள் யாரை நினைத்தும் பயப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு நிமிஷம் அவளுக்கு வாய்த்ததில்லை. சந்தோஷத்தில் அழுகை வந்தது. இன்னொரு தடவை வேண்டும் என்று தரைக்கு வருவதற்குள்ளேயே முடிவு செய்துவிட்டாள்.

பிறகு விமானம் வந்து நின்றது. அவர் அதன் படியில் இறங்கி வந்தார். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வீட்டில் சாப்பிடும்போது, அப்பா எப்படிக் குதிச்சார் என்று மகள் கேட்டாள். முதல்ல வாசல்கிட்ட போனதே உங்கப்பாதான் என்றாள் அவள். பொய்யில்லையே! அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தனியாகக் குதிக்கிற பயிற்சியில் சேரப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்று வீடு இரண்டுபட்டது. இந்த வயசில் இது என்ன கூத்து என்று ஆரம்பித்தார். ஒரு தடவை ஆசைக்குச் சரி, அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்களா என்றார். தொங்குவதைப் பற்றி யார் பேசுகிறது பாருங்கள்! கடைசியில் குரல் இறங்கி உண்மையைச் சொன்னார்.

"நீ மேல போனா எனக்குத் தூக்கம் வராது."

"இத்தனை வருஷமா நான் மட்டும் தூங்கினேன்னு நினைச்சீங்களா?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் சேர்ந்துவிட்டாள். சாயங்காலங்களில் கட்டிலில் குப்புறப் படுத்து, காற்றில் விழுகிற மாதிரி கைகாலைத் தூக்கி, முதுகை வளைத்துப் பழகுவாள். அவர் அந்தப் பக்கமாகப் போகும்போது மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போவார். மனசுக்குள் அவருடைய சம்மதத்துக்காக அவள் ஏங்கத்தான் செய்தாள். அவர் வேண்டாம் என்றிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இந்த மௌனத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

தனியாகக் குதிக்கிற நாளன்று, கூப்பிடாமலே கூட வந்தார். அவள் முதுகில் அவளுடைய சொந்தப் பாராசூட். குதித்தபின் இருபக்கமும் பிடித்தபடி வரப்போகிற இரண்டு பயிற்சியாளர்களும், விமானம் ஏறுமுன் தரையிலேயே எல்லா வார்களையும் சோதித்துமுடித்தார்கள். அப்போது அவர் முன்னால் வந்து, நானும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கயிற்று வேலையில் அது முறை. ஒருவர் கட்டியதை இன்னொருவர் இழுத்துப் பார்த்து, சரி என்று வாய்விட்டுச் சொல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள். பாராசூட் விரிக்கிற பிடியில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி அவர்கள் அவரைப் பார்க்க விட்டார்கள்.

தொடையில் இருந்த இரண்டு வார்களையும் இழுத்துப் பார்த்து, சரி, சரி என்றார். மார்பு வாரைப் பிடித்தார். சொல்லவில்லை. விமானத்தின் இரைச்சல் கூடியது, பயிற்சியாளர்கள் காத்திருந்தார்கள். அவள் குனிந்து பார்த்தாள். அதே வலது கை. விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது.

"ஒண்ணும் ஆகாது," என்றாள் அவள். "மூச்சை நல்லா விடுங்க."

அவர் மூச்சை விட்டார். கொஞ்சம் பொறுத்து விரல்களும் ஒவ்வொன்றாக விலகின.

"சரி," என்றார்.

அவள் விமானத்தை நோக்கி நடந்தாள். பாதி தூரம் போயிருப்பாள், பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார்.

"இறங்கினதும் ஒரு போன் பண்ணு."

"நீங்க இங்கதானே நிக்கப் போறீங்க?"

"நின்னா என்ன? பண்ணு."