எரியாத சிவப்பு விளக்கு

படகுக்கும் முகத்துவாரத்துப் பாறைக்கும் நடுவில் என் நைனாவின் வலது கையை நசுங்க வைத்தவன் சிவசங்கர். ஊர் என்னைத்தான் குற்றம் சொன்னது. காற்றுப் பெட்டியைச் செய்தவள் நான்தானே.

கோட்டைக்குப்பத்துப் படகுகளில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி, சிவசங்கரின் வானிலைக் கம்பெனி சர்வரிடம் காற்று எப்படி என்று கேட்கும். பலத்த காற்று வருவதாகப் பதில் வந்தால் சிவப்பு விளக்கு எரியும். போன மாதம் டேட்டா செலவை மிச்சம் பிடிக்க, பதில்களைச் சுருக்கி அனுப்ப ஆரம்பித்தான். சுருக்கியதை விரித்துப் படிக்க என் பெட்டிக்கு வழியில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் 'சுருக்காமல் அனுப்பு' என்று சேர்த்தே கேட்கும்படி எழுதியிருந்தேன். சர்வர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெட்டிக்கு வந்தது வெறும் கிறுக்கல். விளக்கு எரியவில்லை. நைனா கடலுக்குப் போனார்.

ஊர்க்கூட்டத்தில் சிவசங்கர், "எங்க பதில் சரியாத்தான் போகுது. இந்தப் பொண்ணோட பெட்டிதான் டப்பா. எங்க புதுப் பெட்டிய வாங்கிக்கோங்க" என்றான். "பெத்த அப்பன் கையத் தின்னுட்டியேடி" என்று பக்கத்து வீட்டு முனியம்மாள் என் மூஞ்சிக்கு நேராகவே கேட்டாள். நான் அழவில்லை.

வீட்டுக்கு வந்து, ஒரு பழைய கம்ப்யூட்டரை நடுவில் உட்கார வைத்தேன். சர்வரின் பதிலை அது வாங்கி, விரித்து, பெட்டிக்குப் புரிகிற மாதிரி அனுப்பும். விளக்கு மறுபடி எரிந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினோ வேறெதுவோ, படகுக்குச் சாமான் விற்கிறவன் முதல் ஓட்டத்தில் ஊர்த்தலைவரோடு ஏற வேண்டும். புதுப் பெட்டியோடு சிவசங்கரும் சிரித்துக்கொண்டே எங்கள் படகில் ஏறினான். தலைவர் ராஜவேலு முன்னால் உட்கார்ந்தார். நைனா இடது கையால் சுக்கான் பிடித்தார். பழைய பெட்டியைக் கழற்றித் தருகிறேன் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

முகத்துவாரத்தில் படகு தூக்கிப் போட்டது. அவன் புதுப் பெட்டியை அட்டையிலிருந்து பிரிப்பதற்குள் என் பெட்டியை அவன் முன் நீட்டினேன்.

"இது உங்க சர்வர் நேரா அனுப்புற பதில், ஸார்."

விளக்கு எரியவில்லை. இணைப்பை வீட்டிலிருக்கும் என் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். சிவப்பாக எரிந்தது.

"இதுவும் உங்க பதில்தான். நான் விரிச்சுக் குடுத்தது. பெருங்காத்து வருது. இன்னா பண்ணலாம், கடலுக்குள்ள போலாமா?"

"இன்னா திவ்யா சொல்ற?" என்று தலைவர் திரும்பினார்.

ஓர் அலை சிவசங்கரின் மடியில் விழுந்தது. "திருப்புங்க! கரைக்குத் திருப்புங்க!"

"எதுக்கு ஸார்? மொதல்ல வெளக்கு எரியலையே. அத நம்பித்தான் எங்க நைனா போனாரு."

"சுருக்கி அனுப்புனது நாங்கதான். பெட்டி கேட்டத சர்வர் பாக்கல. தெரிஞ்சேதான் மறைச்சேன். திருப்பச் சொல்லும்மா!"

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவன் மேல் துளி இரக்கமும் வரவில்லை.

திருப்பட்டுமா என்று நைனா என்னைப் பார்த்தார். நான் அவருடைய வலது கையைப் பார்த்தேன்.

"இன்னொரு தபா சொல்லச் சொல்லு, நைனா" என்றேன். "சத்தமா."