டெஸ் லோனர்கனின் தோளில் உறைபனி

ஆஸ்திரேலியக் கரும்பு ஊரான பலூராவில் கோடை வெயில் நாற்பத்திரண்டு டிகிரியைத் தொட்ட ஜனவரியில், கரும்பு விவசாயி டெஸ் லோனர்கனின் இடது தோளின் பின்புறத்து மச்சத்தில் உறைபனி படியத் தொடங்கியது. துடைத்தால் பத்து நிமிடத்தில் மறுபடியும் படிந்தது. ஊர் அதைக் கண்டு வியக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டது. மாலையானால் மதுக்கூடத்தில் டெஸ் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவான். ஆட்கள் வரிசையாக வந்து பீர் புட்டிகளை அவன் தோளில் அழுத்திக் குளிரவைத்துக்கொள்வார்கள். மதுக்கூடம் நடத்திய க்ளாரி மன்ட்ஸ் அவனுக்கென்றே ஒரு நாற்காலி ஒதுக்கினான். முப்பது வருடம் வெற்றுடம்போடு வயலில் வெந்தவனுக்கு ஊர் செய்த முதல் மரியாதை அது.

அவன் மனைவி வெர்னாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பனியைத் துடைத்து அடியில் இருந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கிறிஸ்துமஸுக்கு முன் சின்னதாக, வட்டமாக, பழுப்பாக இருந்த மச்சம் இப்போது ஒரு பக்கம் மட்டும் பரவி, ஓரம் பிய்ந்து, பழுப்பும் கறுப்பும் நீலமுமாகப் பென்சிலின் பின்முனையைவிடப் பெரிதாகியிருந்தது.

"இது மாறிக்கிட்டே வருது டெஸ். டாக்டர்கிட்ட போலாம்."

"வலிக்கவே இல்லையே! இதை வெட்டிட்டா க்ளாரி என்னைக் கொன்னுடுவான்."

"வலிக்கிற வரைக்கும் காத்திருந்தா க்ளாரிக்கு அந்த வேலையே இருக்காது."

பிப்ரவரியில் பனி கழுத்தை எட்டியது. அன்று மாலை வெர்னா மதுக்கூடத்துக்குள் நுழைந்து, புட்டிகளோடு நீண்டிருந்த கைகளை ஒதுக்கி, புருஷனுக்குச் சட்டையை மாட்டி இழுத்துப்போனாள்.

மறுநாள் டாக்டர் மரீகே சேல் பனியைச் சுரண்டிப்போட்டுவிட்டு, உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்தார்.

"பனியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. மச்சம் சரியில்ல. இன்னிக்கே எடுத்துடறேன்."

பரிசோதனை முடிவுக்கு ஒன்பது நாள். தொலைபேசி மணி அடித்தபோதெல்லாம் வெர்னா கையிலிருந்ததைக் கீழே போட்டாள். நான்கு தட்டுகள் உடைந்தன. பத்தாம் நாள் பதில் வந்தது: மெலனோமா என்னும் தோல் புற்று, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம். டவுன்ஸ்வில் பெரிய ஆஸ்பத்திரியில் தோளை இன்னும் அகலமாக வெட்டினார்கள். அக்குளிலிருந்து ஒரு நிணநீர்க் கணுவையும் எடுத்துப் பார்த்தார்கள். அதில் கடுகளவு புற்று இருந்தது. ஒரு வருடம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் மருந்தை ரத்தக்குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். டெஸ் சொறிந்தான், சோர்ந்தான். ஒருமுறை காரில் போகும்போது மெல்லச் சொன்னான்.

"வெர்னா, பயமா இருக்கு."

"எனக்கும்தான். ஜன்னலை ஏத்து, கையில வெயில் படுது."

முதல் ஸ்கேன் சுத்தமாக வந்தது. அடுத்ததும், அதற்கடுத்ததும். அவன் தோள் மற்றவர் தோளைப் போலவே சூடாக இருந்தது.

மூன்றாம் கோடையில் க்ளாரி மன்ட்ஸின் வலது காதுமடலில் உப்புப் பரல் போலப் பனி மினுங்கியது. ஒருவரும் புட்டியை நீட்டவில்லை. க்ளாரி பீர்க் குழாயை மூடிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, டாக்டர் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினான்.