ரத்தத்தில் இல்லாத மருந்து

நர்ஸ் விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அமுக்கி, "வலிக்குதா?" என்று கேட்டாள். என் கணவர் ஒவ்வொன்றுக்கும் அலறினார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. பாவம் என்று சொல்ல வாய் வரவில்லை.

முடக்குவாதத்துக்கான இந்த விலையுயர்ந்த ஊசி முதலில் நன்றாகத்தான் வேலை செய்தது. வீங்கிக் கிடந்த கை வற்றி, விரல்கள் மடங்க ஆரம்பித்தன. மறுபடி பட்டறைக்குப் போவார் என்று நானும் மனசார சந்தோஷப்பட்டேன். அந்தக் கை முதலில் இறுக்கிப் பிடித்தது என் தலைமுடியைத்தான். சுவரில் மோதிய மோதலில் கடைவாய்ப் பல் தெறித்து விழுந்தது. அடுத்த முறை டாக்டர், "முன்னேற்றம் எப்படி?" என்று என்னைக் கேட்டார். "நல்லா தெரியுதுங்க" என்றேன். என் கன்னத்தைப் பார்த்துவிட்டு அதையும் விசாரித்தார். பல்வலி என்று சொல்லிவைத்தேன்.

வீட்டில் அவருக்கு ஊசி போடுவது நான்தான். என்னைப் போட்டு மிதிக்கிற சூரப்புலிக்கு ஊசியைக் கண்டால் குலை நடுங்கும். முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். பல் போனதற்கப்புறம், அவர் வயிற்றில் குத்தி, சட்டென்று உருவி, மருந்து மொத்தத்தையும் பஞ்சில் பீச்ச ஆரம்பித்தேன். கை மறுபடி வீங்கியது. வீட்டில் சத்தம் அடங்கியது.

இப்போது டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"உங்க உடம்பே மருந்த எதிர்த்து அழிச்சிடுதோன்னு நெனச்சேன். அப்படி ஒண்ணும் இல்ல. ஆனா ரத்தத்துல மருந்தே இல்லையே! வீட்டுல ஊசி யாரு போடுறா?"

என் கணவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இனிமே இங்கயே வந்து போட்டுக்கோங்க" என்று டாக்டர் சொல்ல, நர்ஸ் அப்போதே போட்டாள். இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் முழங்கையால் என் விலாவில் ஓங்கி இடித்தார். மூச்சு நின்றுவிட்டது.

"கை சரியாகட்டும்டி. அப்பறம் இருக்கு ஒனக்கு. கொன்னே போட்டுடுவேன்" என்றார், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காமல்.

ஏதோ ஒரு பஸ் வந்தது. எங்கே போகிறது என்று பார்க்கவில்லை, ஏறிவிட்டேன். எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். உதறினேன். பஸ் நகர, கெட்ட வார்த்தைகளைக் கொட்டிக்கொண்டே கூட ஓடி வந்து வாசல் கம்பியைப் பிடிக்கப் பார்த்தார். தடித்த விரல்கள் கம்பியில் பட்டன, வழுக்கின, மறுபடியும் பட்டன. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன், மடங்குகின்றனவா என்று.