கயிற்றைப் பிடிக்கிற மச்சான்

"எனக்கு அது வேண்டாம்க்கா. விட்டுரு." குகன் அமெரிக்காவிலிருந்து போனை வைத்துவிட்டான். டாக்டர் சுசித்ராவுக்கு வந்த கோபத்தில், பெருமாள்மலைக் கடையில் வாங்கிய டீ தொடாமலே ஆறிப்போனது.

அவன் தெருமுனை மருந்துக்கடையில் கொரோனா ஊசி இலவசம். போட்டுக்கொள்ள ஆளில்லாமல் தேதி முடிந்து குப்பைக்குப் போகிறதாம். ஆப்பிரிக்காவில் சில நாடுகளில் நர்சுகளுக்கே ஊசி வந்து சேரவில்லை என்று அன்று காலையில்தான் படித்திருந்தாள். இந்த மகராசனுக்கு வாசலில் வந்து நிற்கிறது, வேண்டாமாம். சின்ன வயதிலிருந்தே இழுப்புக்காரன். பழனி அடிவாரத்து வீட்டிலிருந்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டு எத்தனை முறை ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள்! தொற்று நெஞ்சில் இறங்கினால் தாங்க மாட்டான். தம்பி செத்துப்போவானோ என்ற பயம்தான் அவளுக்குக் கோபமாக வந்தது.

அன்று ஊசி போட அவள் போகிற இடமும் லேசுப்பட்டதில்லை. அடுக்கத்துக்குக் கீழே இருக்கும் பளியர் குடியிருப்பு அது. போன முகாமில் ஊர்த்தலைவர் மாரிமுத்துவுக்கு எல்லார் முன்னாலும் ஊசி போட்டு, போட்டோவும் எடுத்தாள். தலைவர் போட்டால் ஊரே போடும் என்பது அவள் கணக்கு. ஒரு குஞ்சுகூட வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். மேலதிகாரிகள் 'பயம், அறியாமை' என்று முடித்துக்கொண்டார்கள்.

இந்த முறை அவள் முகாம் மேஜையைப் போடவே இல்லை. கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்த ரெங்கம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. தலைவரே போட்டுக்கிட்டாரு. உங்களுக்கெல்லாம் என்ன?"

"அவரு போட்டதே தப்புங்க டாக்டரம்மா. அன்னைக்கு அவுக மச்சான் காட்டுக்குக் கெழங்கெடுக்கப் போயிட்டாரு. கயித்தப் பிடிக்க ஆளில்லாம எறங்கலாமாங்க?"

சுசித்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. ரெங்கம்மாளின் புருஷன் நாகன் தேனெடுக்கிறவன். கொடிக்கயிறு முறுக்கிக்கொண்டே அவன்தான் விளக்கினான்.

"தேனெடுக்கப் பாறையில எறங்குனா, மேல நின்னு கயித்தப் பிடிக்கிறது பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன்தாங்க. என் கூடப்பொறந்தவன் பிடிக்கக் கூடாது. எங்களுக்குள்ள ஆயிரம் சண்டை கெடக்கு. மச்சான் கைய விட்டா அவன் தங்கச்சில்ல தாலியறுப்பா? விடவே மாட்டான். உசுருக்கு ஆபத்துள்ள எந்தச் சோலிக்கும் அவன் நிக்கணும்."

"அப்ப ஊசிக்கும்?"

"மொதல்ல அவன் போட்டு, காய்ச்சல் தெளிஞ்சு எந்திரிக்கணும். பெறகு எங்க தோளப் பிடிச்சு நிக்கணும். அம்புட்டுத்தான்."

"எல்லாரும் யாருக்காவது மச்சான்தானே நாகன்? அப்ப முதல்ல யாருதான் போடுறது?"

நாகன் சிரித்தான். "மாரிமுத்து யாருங்க? இவளுக்கு அண்ணன். என் மச்சான். போட்டுட்டு நல்லா எந்திரிச்சுட்டாரு. அவரக் கூட்டிக்கிட்டு நான் வாரதுக்குள்ள நீங்கதான் பெட்டியத் தூக்கிட்டு வெரசாப் போயிட்டீக."

சுசித்ரா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தப்பாகத் தொடங்கியதே இங்கே முதல் முடிச்சாக விழுந்திருந்தது. அன்றே மாரிமுத்து தோளைப் பிடிக்க நாகன் போட்டுக்கொண்டான். காய்ச்சல் தெளிந்ததும் நாகன் எழுந்து தன் தங்கச்சி புருஷன் தோளைப் பிடித்தான். அவன் எழுந்து இன்னொருவன் தோளை. பெண்களுக்கு நாத்தனார்கள் நின்றார்கள். நாத்தனார் கையில் உயிரைக் கொடுப்பதா என்று பழனியில் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

தேனெடுக்கும் காலம் வரும் முன்பே குடியிருப்பு முழுக்கப் போட்டு முடித்தது. சுற்றுவட்டாரத்தில் அதுதான் முதல். கொடைக்கானலில் நடந்த கூட்டத்தில் திரையில் உலகப் படம் ஒன்றைப் போட்டு, ஊசி போட்டவர்கள் கணக்கு நாட்டுக்கு நாடு ஏன் இப்படி ஏறியும் இறங்கியும் இருக்கிறது என்று பேசினார்கள். மருந்து போகாத நாடுகள் ஒரு பக்கம், மருந்து போயும் கை நீளாத நாடுகள் ஒரு பக்கம். "உங்க குடியிருப்புல எப்படி முடிஞ்சது?" என்று பெரிய டாக்டர் கேட்டார். "மருந்தை நாம கொண்டுபோனோம் சார். கையை நீட்ட வச்சது அவங்க மச்சான்மார்" என்றாள் சுசித்ரா. சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மண்டபம் கைதட்டியது.

கைதட்டல் அடங்கும் முன்பே அவளுக்கு உறைத்தது. கூடப்பொறந்தவன் பிடிக்கக் கூடாது. இத்தனை மாதமாகக் குகனிடம் தொண்டை கிழியக் கத்தியது யார்? வெளியே வந்ததும் குகன் மனைவி ரேவதியின் அண்ணன் பொன்னுவேலுக்குப் போன் போட்டாள். அவன் அதே அமெரிக்காவில் பக்கத்து நகரத்தில் இருந்தான்.

"நான் எப்பவோ போட்டுட்டேனே மதினி. மாப்பிள்ள போடலையா? எங்கிட்ட யாருமே சொல்லலையே! ரேவதியை நெனச்சாவது போட வேண்டாமா அவரு?" என்று பதறியவன், சனிக்கிழமை காரை எடுத்தான்.

ஞாயிறு வெள்ளனே படம் வந்தது. மருந்துக்கடை நாற்காலியில் குகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடியிருந்தான். பின்னால் பொன்னுவேல். சுசித்ரா அழுதுவிட்டாள். அடுத்த முறை குடியிருப்புக்குப் போனபோது, "என் தம்பியும் அவன் மச்சானும்" என்று நாகனிடம் போனை நீட்டினாள்.

ஊசியையோ கடையையோ நாகன் பார்க்கவில்லை. குகன் தோளில் பதிந்திருந்த கையையே வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"நல்லாத்தான் பிடிச்சிருக்கான்" என்றான்.