நாகலக்ஷ்மியின் மூக்கு

சேலையூர் காலனியில் தோத்தாத்ரியின் நாக்குக்குத் தனி மரியாதை. ஒரு வாய் காபி குடித்துவிட்டு, கொட்டை வறுத்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடுவார். கல்யாண வீடுகளில் சாத்தமுது என்னும் ரசம் கொதித்ததும் சமையல்காரர் முதல் கரண்டியை அவர் கையில்தான் ஊற்றுவார். அந்தப் பெருமையோடு தாம்பரத்தில் ரயிலேறி ஆபீசுக்குப் போய், அதே பெருமையோடு திரும்பி வருகிறவர்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே, 1969-ஆம் வருஷம் பிறந்ததிலிருந்து சாப்பாடு சரியில்லை. மார்கழியில் காலனியைச் சுற்றிய ஃப்ளூ ஜுரத்தில் அவர் மனைவி நாகலக்ஷ்மி பத்து நாள் படுத்து எழுந்தாள். எழுந்தவளுக்குக் கைமணம் போய்விட்டது. ஒரு நாள் பெருங்காயம் தூக்கல், மறுநாள் அறவே இல்லை. அடிப்பிடித்த பாலில் காபி கலந்து, ஒன்றும் நடக்காதது போல் கொண்டுவந்து வைத்தாள்.

"பால் கருகியிருக்கே, தெரியலையா?"

"தெரியலை."

"எப்படித் தெரியாம போகும்?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாப்பாட்டு வேளையிலும் பாதிச் சாதத்தோடு எழுந்துவிட்டாள். தோத்தாத்ரிக்கு அது வீம்பாகப் பட்டது. பங்குனி வருவதற்குள் இரண்டு பேருக்கும் இடையே பேச்சே சுருங்கிப் போயிற்று.

பக்கத்து வீட்டு பியூலா பெண்கள் ஹைஸ்கூலில் சயன்ஸ் டீச்சர். ஒரு நாள் வேலிக்கு மேலாகக் கேட்டாள்:

"சார், ஐம்புலன் பாடம் நடத்திக்கிட்டிருக்கேன். சனிக்கிழமை பொண்ணுங்களுக்கு ஒரு பரிசோதனை பண்ணிக் காட்டணும். உங்க நாக்கு வேணும். மாமியையும் கூட்டிட்டு வாங்க."

தோத்தாத்ரி சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார். நாற்பது பெண்கள் பார்த்திருக்க, பியூலா அவர் கண்ணைத் துண்டால் கட்டினாள். மூக்கை அவரையே இறுகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். வாயில் ஏதோ நறுக்கிய வில்லை ஒன்று வந்தது. மென்றார்.

"ஆப்பிள்" என்றார்.

அடுத்து ஒரு டம்ளர். ஒரு மடக்கு விழுங்கினார்.

"காபி. சிக்கரி கொஞ்சம் தூக்கல். பால் நல்ல பால்."

பெஞ்சுகள் குலுங்கின. துண்டை அவிழ்த்தபோது மேஜைமேல் பாதி நறுக்கிய பச்சை உருளைக்கிழங்கு இருந்தது. டம்ளரில், கருக வறுத்த கேழ்வரகு மாவைப் பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சியிருந்தார்கள். தோத்தாத்ரியின் காது மடல் சிவந்தது.

"சார் நாக்குமேல தப்பே இல்லை" என்றாள் பியூலா, பெண்களைப் பார்த்து. "நாக்குக்குத் தெரிஞ்சது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு. மிச்ச ருசியெல்லாம் வாசனைதான். மூக்கோட உச்சியில, உள்ளே, தபால் தலை அளவுக்கு ஒரு இடம் இருக்கு. மெல்லும்போது சாப்பாட்டு வாசனை தொண்டைக்குப் பின்பக்கமா ஏறி அங்கே பட்டாதான் காபி காபியா இருக்கும். மூக்கைப் பிடிச்சா காத்து ஓடாது. வாசனை மேலே போய்ச் சேராது."

கடைசி பெஞ்சிலிருந்து நாகலக்ஷ்மி எழுந்தாள்.

"டீச்சர், மூக்கைப் பிடிக்காமலே அப்படி இருந்தா?"

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூணு மாசமா எனக்கு எல்லாமே அப்படித்தான். உப்புக் கரிக்கறது, புளி புளிக்கறது. வேற ஒண்ணுமே இல்லை. சாதம் பஞ்சை மெல்ற மாதிரி இருக்கு. நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சேன். வெளியில சொல்ல வெக்கமா இருந்தது."

பியூலா அவளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஃப்ளூ சில பேருக்கு அந்த இடத்தையே கெடுத்துடும், மாமி. எங்க அண்ணா டாக்டர், அவர் சொல்லியிருக்கார். நிறைய பேருக்கு மெதுவாத் திரும்பி வந்துடுமாம்."

கேம்ப் ரோடில் வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் தோத்தாத்ரி வறுத்த வேர்க்கடலை வாங்கி, நாலைந்தை வாயில் போட்டு மூக்கைப் பிடித்தபடி மென்றார். மண்ணாங்கட்டி மாதிரி இருந்தது. மூன்று மாதம், மூன்று வேளையும் இப்படியா என்று நினைத்தபோது அதை விழுங்கவே முடியவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"பால் கருகியிருக்கேன்னுதானே கேட்டேள். உனக்கு என்ன பண்றதுன்னு ஒரு நாள் கேட்டேளா?"

தோத்தாத்ரி மறுநாள் காலையில் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "கடுகு போடு. பெருங்காயம் இன்னும் ஒரு துளி. போதும், இறக்கு." அவள் கிளறினாள், அவர் மோந்தார். இரண்டு தடவை ஆபீஸ் ரயில் தவறியது. சாத்தமுது பழையபடி ஆயிற்று. பேச்சும் திரும்பியது, சொல்லப்போனால், அவளுக்குக் கேலி பேசக்கூட வந்துவிட்டது.

ஆவணியில் புடவை எடுக்க மாம்பலத்துக்கு ரயிலில் புறப்பட்டார்கள். பல்லாவரத்தில் அஞ்சம்மாள் என்று ஒரு கருவாட்டுக்காரி கூடையோடு ஏறி எதிரே உட்கார்ந்தாள். தோத்தாத்ரி மேல்துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டார்.

"அந்தப் பக்கம் போயிடலாம், எழுந்திரு."

நாகலக்ஷ்மி அசையவில்லை. அவள் மூக்கு விடைத்தது. அவர் மணிக்கட்டைப் பற்றினாள்.

"ஏன்னா, ஏதோ வாடை வரது."

"கருவாடு" என்றார் துண்டுக்குள்ளிருந்து. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. துண்டு நழுவி மடியில் விழுந்தது.

"நாத்தமா கீதா, சாமி? மாம்பலத்துல எறங்கிடுவேன்" என்றாள் அஞ்சம்மாள்.

"நீ இருடீம்மா" என்றாள் நாகலக்ஷ்மி. கண்ணில் நீர் தளும்ப, குனிந்து கூடைக்கு மேலாக ஆழ மூச்சிழுத்தாள். "கூடையை இன்னும் கொஞ்சம் இப்படித் தள்ளி வை."

"இன்னா மாமி, வாங்கிக்கிறியா?"

தோத்தாத்ரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கிண்டி தாண்டி, சைதாப்பேட்டை தாண்டி, மூக்கை மூடாமல் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார்.