கவுன்சிலருக்குக் கொடுத்த வெள்ளித் தட்டு

நான் கோபக்காரன். அதை மறைத்துப் பிரயோசனமில்லை. எங்கள் ஊர் சிட்டி கவுன்சில் கூட்டத்தின் வீடியோவில் இரண்டாவது மணி நேரம் முடிந்த கையோடு நான் எழுந்து நின்று கத்துவது, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கிறது.

அமெரிக்காவில் டாலஸ் ஓரம், காப்பெலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. எங்கள் தெரு முனையில் வண்டிகள் நின்று போக ஒரு ஸ்டாப் சைன் வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. டோல்வே நெடுஞ்சாலையில் போன வேகத்தை அப்படியே வீட்டு வாசல்வரை கொண்டுவருகிறவர்கள் இங்கே அதிகம். மே மாதம் ஒரு காலை, பிக்கப் டிரக் ஒன்று எங்கள் மெயில் பாக்ஸைக் கம்பத்தோடு தூக்கி எறிந்துவிட்டுப் போனது. என் மகள் அனன்யா பள்ளிக்குக் கிளம்பும்போது சைக்கிளோடு நின்று இரண்டு பக்கமும் பார்க்கிற இடம் அது. அன்றைக்கு அவள் ஒரு சாக்ஸைத் தேடியதில் ஐந்து நிமிடம் லேட். அந்த ஐந்து நிமிடம் இல்லையென்றால் அவள் அங்கேதான் நின்றிருப்பாள்.

அறுபத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். மனுவில் முதல் பெயர் என்னுடையது, சந்தானம். எங்கள் பகுதிக் கவுன்சிலர் டக் மெரிடித், ரிட்டயரான தீயணைப்பு வீரர். அக்டோபரில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு மனைவியோடு வந்து, மூன்று தட்டு சுண்டல் சாப்பிட்டு, அந்த முனைக்கு சைன் அவசியம் என்று அவர் வாயாலேயே சொன்னவர். டிசம்பரில் மனு ஓட்டுக்கு வந்தபோது அந்த மனிதர் ஒரு காகிதத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். மிச்சம் இருந்த ஆறு பேரில் மூன்றுக்கு மூன்று. மனு விழுந்தது. அப்போதுதான் நான் எழுந்து, யாரோ இவரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று கத்தினேன்.

யார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. முனை வீட்டு வெங்கடாசலம். எங்களைப் போலவே ஈரோட்டுக்காரர். தன் வாசலில் ராத்திரி பகலாக வண்டிகள் பிரேக் போட்டு நிற்கும் என்று கூட்டத்தில் மைக்கில் சொல்லி சைனை எதிர்த்தவர். அவரும் மெரிடித்தும் ஒரு சனிக்கிழமை காபிக் கடையில் ஒரே மேஜையில் இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் புலம்பலைக் கேட்ட சயந்தன்தான் வழி சொன்னான். யாழ்ப்பாணத்துப் பையன், டாலஸில் வக்கீல். "அண்ணை, கவுன்சிலர்மார் தங்களுக்கு வந்த கிஃப்ட் எல்லாத்தையும் எழுதிக் குடுக்க வேணும். அது பப்ளிக் ரெக்கோர்ட். நீங்கள் கேட்டால் அவை தரத்தான் வேணும்" என்றான்.

சிட்டி வெப்சைட்டில் ஒரு படிவம். ஏன் கேட்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அந்த உற்சாகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில், எங்கே அழுத்துவது, எதை நிரப்புவது என்று ஸ்க்ரீன்ஷாட் போட்டு, விழிப்போடு இருப்போம் என்று எழுதிவிட்டேன். இருநூறு பேர் உள்ள குழு. பதினோரு பேர் உடனே விண்ணப்பித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மெயில் வந்தது. மெரிடித்தின் பெயரில் ஒரே ஒரு பக்கம். கொடுத்தவர் என்ற இடத்தில் வெங்கடாசலம் இல்லை. ஹம்சா சந்தானம் என்றிருந்தது. என் மனைவி.

கொலுவுக்கு வந்த அவர் மனைவிக்கு ஹம்சா கொடுத்த தாம்பூலத்தை மனிதர் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். தேங்காய், ஒன்று. தைக்காத துணி, ஒன்று, பயன் தெரியவில்லை. இலை, இரண்டு, பயன் தெரியவில்லை, மனைவி சாலட்டில் போட்டுவிட்டார். கொண்டைக்கடலை, மூன்று தட்டு, அங்கேயே உண்டது. கடைசி வரியில் வெள்ளித் தட்டு, ஒன்று. மதிப்பு நானூற்று இருபத்தைந்து டாலர், இணையத்தில் விசாரித்தபடி.

அதன் கீழே ஒரு குறிப்பு. நூறு டாலருக்கு மேல் பரிசு கொடுத்தவர் வீட்டு விவகாரம் சபைக்கு வந்தால் ஊர் விதிப்படி ஓட்டுப் போடக் கூடாது. முப்பது நாளுக்குள் திருப்பியும் கொடுக்கவில்லை. எனவே சந்தானத்தின் மனுவில் கலந்துகொள்ளாமல் விலகுகிறேன். அன்று அவர் முணுமுணுத்தது இதைத்தான். ஊரில் அவரை விலைக்கு வாங்கிய ஒரே குடும்பம் நாங்கள்தான். அந்த விலைக்கு எங்கள் சைனே போய்விட்டது.

மெயிலோடு ஹம்சாவிடம் ஓடினேன். அவள் ஏற்கனவே போனில் இருந்தாள். அந்தப் பதினோரு பேரில் பர்வதம் ஆன்ட்டியும் ஒருவர். கொலுவுக்கு வந்த எங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் கூடை, வெள்ளைக்காரிக்கு வெள்ளித் தட்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமா ஆன்ட்டி, வெள்ளிதான். மரியாதைப்பட்டவங்களுக்கு அப்படித்தானே செய்யணும்" என்று ஹம்சா சொல்லிவிட்டாள்.

அது வெள்ளி இல்லை. வெள்ளிப் பூச்சு. போன கோடையில் ஊருக்குப் போனபோது, கவுன்சிலர் வீட்டுக்குக் கொடுக்கவென்று கோயம்புத்தூரில் வாங்கியது, பில்லைப் பார்த்தால் பதினெட்டு டாலருக்கு மேல் தேறாது. சிட்டி ஆபீஸ் பெண்மணி போனில் வழி சொன்னார். கொடுத்தவர் உண்மை மதிப்பை எழுதி, பில்லை இணைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பதிவைத் திருத்தலாம். மனு மறுபடி சபைக்கு வந்தால் மெரிடித் ஓட்டுப் போடலாம். அந்தக் கடிதமும் பொதுப் பதிவுதான், யார் கேட்டாலும் கிடைக்கும் என்று அவர் நல்ல மனதோடு சேர்த்துச் சொன்னார்.

ஹம்சா மாட்டேன் என்றாள். பூச்சுத் தட்டை வெள்ளி என்று சொன்னவள் என்று ஊரெல்லாம் படிக்கும். படிப்பது எப்படி என்று ஸ்க்ரீன்ஷாட் போட்டுச் சொல்லிக் கொடுத்த மகராசனே வந்து கையெழுத்துக் கேட்கிறானா என்றாள். ஒரு வாரம் வீட்டில் ரசம் மட்டும்தான்.  

அனன்யாதான் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். "அம்மா, ஜஸ்ட் டெல் தெம் இட்ஸ் ஃபேக். ஐ கிராஸ் தேர் எவ்ரி டே."

ஹம்சா கரண்டியை வைத்தாள்.  பிறகு என் பக்கம் திரும்பினாள். "கடைல நான் எதைங்க கையில எடுத்தேன்?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் அசல் வெள்ளியைத்தான் எடுத்தாள். அதை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தவன் நான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியப் போவுது, கோட்டிங்கே போதும்னேன்."

"அதை அப்படியே எழுதறேன். நீங்களும் கையெழுத்துப் போடுங்க."

எழுதினாள். தான் அசல் வெள்ளி வாங்க விரும்பியதாகவும், கவுன்சிலருக்கு வித்தியாசம் தெரியாது என்று கணவர் கூறியதாகவும், சுத்தமான ஆங்கிலத்தில், என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு. நான் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரிக் கூட்டத்தில் மெரிடித் அந்தக் கடிதத்தை முழுக்க வாசித்தார். வாசிக்க வேண்டும் என்பது விதியாம். கணவர் கூறியது என்ற வரி வரும்போது கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அதில் கோபமே இல்லை. தட்டு அழகாகத்தான் இருக்கிறது, என் மனைவி அதில் சாவி போட்டு வைக்கிறாள் என்றார். வெற்றிலைக்குக்கூடக் கணக்குச் சொன்ன மனிதரைப் பார்த்துத்தான் நான் அப்படிக் கத்தியிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து, மைக்கில், மன்னிப்புக் கேட்டேன். அதுவும் வீடியோவில் இருக்கிறது, ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை. மனு நாலுக்கு மூன்று என்று நிறைவேறியது.

மார்ச்சில் சைன் வந்தது. அனன்யா முனையில் நிற்கிறாள், வண்டிகள் நிற்கின்றன, அவள் கடந்து போகிறாள். ஜன்னலில் நின்று தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஆபீஸ் வேலைக்கு லாகின் பண்ணுகிறேன்.

ஹம்சாவைப் பற்றி ஊரில் ஒருவரும் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம் ஹம்சா, வெள்ளிதான் வாங்கப் பார்த்திருக்கிறாள் என்று பர்வதம் ஆன்ட்டியே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கடிதத்தின் பிரதியை முதலில் வாங்கியவர் வெங்கடாசலம். கவுன்சிலருக்கு அவர் கொடுத்தது ஒன்றுமே இல்லை என்பதும் பதிவில் இருக்கிறது. காபிகூட அவரவர் காசில்தானாம்.

இப்போது அவர் தினமும் காலையில் அந்த சைனில் விதிப்படி முழுசாக வண்டியை நிறுத்துகிறார். ஜன்னலில் என்னைப் பார்த்தால் கார்க் கண்ணாடியை இறக்குகிறார்.

"ஏனுங்க சந்தானம், இந்த சைனாவது ஒரிஜினலுங்களா, இல்ல கோட்டிங்குங்களா?"